கருப்புத்திரை அண்ணனும் அரைத்த மாவும்

திருச்சி ஜில்லாவிலேயே கம்ப்யூட்டரை மிரட்டி வேலை வாங்கிய மனிதர் ஒருவர்தான். எங்கள் கருப்புத்திரை அண்ணன். தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் எங்கள் வெப்சைட் கம்பெனி. கீழே நோயாளி அலறுவான், மேலே அண்ணன் அலறுவார். எந்த வலி யாருடையது என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

வெப்சைட்டின் நிறம், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் நாங்கள் ‘ஸாஸ்’ என்கிற ஃபைலில் எழுதுவோம். பிரவுசருக்கு அது புரியாது. கருப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், அதை பிரவுசருக்குப் புரிகிற சிஎஸ்எஸ் ஃபைலாக மாற்றிக் கொடுக்கும். சேமித்ததுமே தானாக மாறும் வசதியும் உண்டு. ஊரே அதைத்தான் வைத்திருக்கிறது. அண்ணன் வைக்க மாட்டார்.

“தானா ஓடுற வண்டி தானா கவுந்துரும்டா” என்பார்.

வாடிக்கையாளர் கேட்ட மாற்றங்களை எழுதி வைத்துவிட்டு, அவர் வந்து நின்ற பிறகுதான் கட்டளையை அடிப்பார். அதுவரை சாமிக்குத் திரை போட்ட மாதிரிதான். மவுசைத் தொட மாட்டார். திரையில் எழுத்துகள் கொட்டைப்பாக்கு அளவில் நிற்கும். நாலு வரி தெரிந்தால் அதிகம். கிறுக்கு என்று நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் எங்களோடு வேலை பார்க்கும் பாலக்கரை பாத்திமா அவசரத்தில், மாறி வந்த சிஎஸ்எஸ்ஸிலேயே கைவைத்து ஒரு பட்டனைப் பச்சையாக்கினாள். அண்ணன் கட்டளையை அடித்தார். பச்சை போயே போயிற்று.

“அரைச்ச மாவுல கல்லு பொறுக்குறியேம்மா! அரிசியில பொறுக்கு. நான் மறுபடி அரைச்சா நீ செஞ்சது எல்லாம் போயிரும்ல?”

“ஒரு பட்டனுக்கு இவ்ளோ சத்தமாண்ணே?”

“இன்னிக்கு பட்டன், நாளைக்கு முழு சைட்டு!”

அடுத்த மாதம் சமயபுரத்து லாட்ஜ்காரர் ஒருவர் வந்தார். திருவிழாவுக்குள் அவருடைய வெப்சைட் தயாராக வேண்டும். பகலெல்லாம் உட்கார்ந்து அண்ணன் மாற்றங்களை எழுதினார். மாலையில் லாட்ஜ்காரரையும் முதலாளியையும் பக்கத்தில் நிற்க வைத்துக் கட்டளையை அடித்தார். பழைய பக்கமே வந்து நின்றது. அத்தனையையும் அவர் எழுதியிருந்தது சிஎஸ்எஸ் ஃபைலில். கட்டளை அதை அழித்துவிட்டது.

“என்னண்ணே, நீங்களே மாவுல கைவச்சுட்டீங்க?” என்று பாத்திமா சிரித்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு ஃபைலும் எனக்கு ஒண்ணாத்தான்மா தெரியுது. சர்க்கரை கண்ணுக்கு வந்துருச்சு. போன பார்வை திரும்பாதுன்னுட்டாங்க. சொன்னா வேலை போயிரும்னு சொல்லலை.”

கொட்டைப்பாக்கு எழுத்து கிறுக்கு இல்லை. மவுசின் அம்புக்குறி அவர் கண்ணுக்கு எப்போதோ தப்பிப்போயிருக்கிறது.

“உடம்பைப் பாத்துக்கங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்” என்றார் முதலாளி. குரலில் மட்டும் மரியாதை இருந்தது.

பாத்திமா திரும்ப எழுதிக் கொடுத்து, லாட்ஜ் வெப்சைட் திருவிழாவுக்கு வந்துவிட்டது. அண்ணன் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை போய் இதை அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். “என் கதையை எழுதி என் மானத்தை வாங்குறியாடா?” என்று கத்துவார். கத்தட்டும். அவர் சத்தம் கேட்காத ஆபீஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.