கசியாத மூடி

"மூடியோட பேட்டன்ட்டுல என் பேரைப் போடணும் சார்."

அவள் கேட்டதும் முதலாளிக்குப் புரையேறியது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "சம்பளம் கேளு, லீவு கேளு. பேரை மட்டும் கேட்டுடாதடி. வேலை போயிடும்." அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். மிதித்த கால் சும்மா இருக்குமா?

தண்ணீர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டுச் சிந்தாத மூடி அது. தண்ணீர் பிடிக்கும் எந்திரத்தின் மேல் கேன் உட்கார்ந்தால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கு திறக்கும். யோசித்தது அவள், விரல் வெந்து அச்சு வார்த்தது அவள். விண்ணப்பத்தில் 'கண்டுபிடித்தவர்' மட்டும் முதலாளியின் மாப்பிள்ளை.

"மாசாமாசம் சம்பளச் சீட்டுல உன் பேரைத்தானே போடறோம்? பத்தலையா?"

"அது கூலிக்கு சார். இது மூளைக்கு."

"மாப்பிள்ளையும் மூளையப் போட்டிருக்காரும்மா."

"எங்க போட்டாரு? தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கல."

மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். அதற்குள் விண்ணப்பத்தை எழுதும் வக்கீல் வந்துவிட்டார். "கண்டுபிடிச்சவரே ஒருதடவை செஞ்சு காட்டட்டும். எழுத வசதியா இருக்கும்."

மாப்பிள்ளை மூடியை மாட்டினார், கேனைக் கவிழ்த்தார். கேன் முழுவதும் வக்கீலின் மடியில் இறங்கியது.

"நாக்கை மேல்பக்கமா வச்சுட்டாரு," என்றாள் அவள்.

"பார்த்துக்கிட்டு நிக்கிறியே, சொல்லிக் குடேன்!" முதலாளி கத்தினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரன் மடியில் உட்காரவைத்து, 'அப்பான்னு கூப்பிடு' என்று பழக்குவது போல இருந்தது. இந்த முறை வேறொரு கேனில் மாப்பிள்ளை வீரத்தோடு அழுத்தினார். மூடி தெறித்துக் கூரையில் மோதியது. விண்ணப்பம் மேசையிலேயே மிதந்தது.

முதலாளி இறங்கி வந்தார். "சரி, கண்டுபிடிச்சவர் மாப்பிள்ளை. உதவி, நீ."

"அப்போ கோர்ட்டுல பார்ப்போம் சார். நாக்கை எந்தப் பக்கம் வைக்கணும்னு ஜட்ஜ் அவரைக் கேக்கட்டும்."

வக்கீல் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "பேரு பொய்னு ஆனா பேட்டன்ட்டே போயிடும் சார். வேற வழி இருக்கு. பேட்டன்ட்டே வேண்டாம். படம், விளக்கம், எல்லாத்தையும் ஊரறிய வெளியிட்டுடுங்க. ஊருக்கே தெரிஞ்சதுக்கு அப்புறம் எவனும் உரிமை வாங்க முடியாது. உங்களையும் எவனும் தடுக்க முடியாது."

"இவ?"

"இவங்களாலயும் வாங்க முடியாது."

"யாரு கண்டுபிடிச்சதுன்னு போடணுமா?"

"கம்பெனி பேரு போதும்."

முதலாளி முகத்தில் விளக்கெரிந்தது. எனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, உனக்கு ரெண்டும் போகட்டும் என்கிற வெளிச்சம். "இப்பவே போடுய்யா!"

"ஆனா சார், வெளியிட்டுட்டா அப்புறம் யாரு வேணும்னாலும் செஞ்சு..."

"ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது! போடுன்னா போடு!"

"சார், அது என் உழைப்பு!" அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். கை எரிந்தது. "என் பேரு இல்லாம அது வெளிய போகக்கூடாது!"

"போகும். பார்த்துக்கிட்டே இரு."

வக்கீலின் கால்சட்டை காய்வதற்குள் மூடியின் உள்ளும் புறமும் இணையத்தில் உலகறிய ஏறிவிட்டது. முதலாளி சாய்ந்து உட்கார்ந்தார். "இனிமே அது உனக்குச் சொந்தமில்ல. போய் வேலையப் பாரு."

"உங்களுக்கும் இல்லையே சார்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஈர மேசையில் போட்டாள். விரல் தழும்பு அட்டைக் கயிற்றில் உரசிச் சுள்ளென்றது.

"வெளிய போனா உன்னை எவன் சேர்த்துப்பான்?"

படியிறங்கினாள். கோபம் இன்னும் காதில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார், கையில் ஒரு சாவிக்கொத்து.

"எதிர் ஷெட்டுக்காரரு குடுத்துட்டுப் போனாரும்மா, போன மாசமே அட்வான்ஸ் கட்டிட்டியாமே! போர்டு எழுதறவரு ஏணியோட நிக்கிறாரு. 'மூடி கம்பெனி'ன்னு எழுதிட்டாராம், மேல யாரு பேரைப் போடணும்னு கேக்குறாரு."