செருப்புகளை வரிசையில் நிற்க வைத்தவர்

“...பிச்சையா கேக்கறேன் மேடம்? தெருக்கொழாய்த் தண்ணி மாதிரி வைத்தியமும் எல்லாருக்கும் சேர வேண்டியதுதானே?” என்று அரசு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கவுண்டர் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக் கேட்டார், எங்கள் தெரு ‘க்யூக்காரர்’ என்று கூப்பிடும் பெரியவர்.

“எங்க தெருக்கொழாயில தண்ணியே வர்றதில்லண்ணே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பெங்களூரு நீலசந்திராவில் அவருக்குத் தெரியாத செருப்பே கிடையாது. பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், முந்தின நாள் சாயங்காலமே அவர்களுடைய பழைய செருப்பை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொள்வார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக அடுக்குவார். எட்டு மணிக்கு நோயாளிகள் வந்து அவரவர் செருப்பில் காலை நுழைத்தால் போதும், அதுதான் அவர்கள் இடம்.

“காய்ச்சல்காரன் எதுக்கு நிக்கணும்? செருப்புக்கு என்ன, மூட்டு வலியா?” என்பார்.

ஒருநாள் காவலாளி கன்னடம் கலந்த தமிழில் வம்புக்கு வந்தார். “ஏனு யஜமான்ரே, இங்க ஒத்தச் செருப்புதான் இருக்கு. அரை ஆளுக்கெல்லாம் இடம் கிடையாது.”

“சார், சக்கரை வியாதில அவருக்கு மிச்சம் இருக்கறதே ஒரு கால்தான்.”

அன்றிலிருந்து காவலாளி செருப்புகளுக்கு சல்யூட் வைக்காத குறை.

நானும் அதே தெருதான்; கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை இருந்தவரை மீன்தொட்டி வைத்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். “வேலை போனா ஒடம்பையும் திருப்பிக் குடுத்துடணுமா தம்பி?” என்று கிண்டலடிப்பார். வேலை போனது. கிண்டலை நிறுத்திவிட்டு, என் செருப்பையும் சாக்கில் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி அதே வாசலில் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்து இறந்தவர் என்பது, வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆறு மாதமாக அவருக்கு இருமல். ஊருக்கெல்லாம் இடம் போட்டவர் தனக்கு மட்டும் போடவில்லை. கடைசியில் நான்தான் பிடிவாதமாக அவரை அழைத்துப் போனேன். டாக்டர் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கவுண்டரில் நாலு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். எத்தனை சீக்கிரம் எழுந்து போய் அடுக்கினாலும் நாலு மாதத்தைச் செருப்பு முந்துமா? அந்தத் தேதி வந்தபோது அவர் இல்லை.

தேதி கொடுத்த அன்று, கம்பி வழியே அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு, அதை முன்னால் கொண்டுவரச் சொல்லிப் பெரிய டாக்டருக்கு மனு எழுத என்னிடம் பேனா வாங்கினார். முதல் வரியில் தன் பெயரை எழுதினார்.

கவுண்டர் பெண் குரலைத் தாழ்த்தினார். “நான் என்ன பண்ணட்டும் அண்ணா? எங்கம்மாவும் இதே ஸ்கேனுக்குத்தான் காத்துட்டிருக்காங்க. தசராவுல இருந்து.”

“தசராவுல இருந்தா?” இருமல் அடங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப எனக்கு முன்னாடி வந்தவங்க அவங்கதானே. பேரு சொல்லும்மா.”

சொன்னார். க்யூக்காரர் தன் பெயருக்கு மேலே மிச்சமிருந்த துளி இடத்தில், நுணுக்கி நுணுக்கி, அந்த அம்மாவின் பெயரை எழுதினார்.