ஈரச் சாக்கு போர்த்திய மீன் தொட்டி

வாய் நீண்டாலும் என் பாசத்துக்குரிய தம்பிக்கு,

உன் அக்கா எழுதும் கடிதம். நானும் உன் மாமாவும் சுகம், தொட்டியில் இருப்பவர்களும் சுகம். நீயும், உன் வீட்டுக்காரியும், அவள் வயிற்றில் இருப்பதும், எல்லாருக்கும் மேலாக என் மருமகள் பாப்பாவும் சுகம்தானே? எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்ட கதைதான் உனக்குத் தெரியுமே.

பிரசவம் முடிகிறவரை பாப்பாவை என்னிடம் விடு என்று போனில் கேட்டதற்கு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, உன் வீட்டுல பிளாஸ்டிக் பூவைத் தவிர வேற எது பொழச்சிருக்கு? கள்ளிச் செடியையே தண்ணி ஊத்திக் கொன்னவ நீ. மொதல்ல ஒரு மீனை ஒரு மாசம் உயிரோட வெச்சுக் காட்டு, அப்புறம் பாப்பாவை அனுப்புறேன்." நீ விளையாட்டுக்குச் சொன்னாய், நானும் சிரித்தேன். போனை வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் தொட்டியும் மண்ணும் நாலு கட்டுச் செடியும் கொடுத்து, "அம்மா, மண்ணு போட்டு, செடி நட்டு, தண்ணி ஊத்தி மூணு வாரம் விட்டுடணும். தண்ணி பக்குவமாகணும். அப்புறம்தான் மீனு" என்றார். அதை அப்படியே வந்து உன் மாமாவிடம் ஒப்பித்தேன். ஒரு கொத்தனாரிடம் போய் மூன்று வாரம், தண்ணீர் என்று சொல்லலாமா? மனிதர் முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது. "அடியே, இது நம்ம கியூரிங்டி! தளம் போட்டா இருபத்தோரு நாள் ஈரம் காயாம பாத்துக்கிறதில்ல? அதேதான். நீ தள்ளு" என்று மண்ணைக் கொட்டி, கரண்டியால் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கட்டையால் குத்திக் குத்தி இறுக்கினார் பார், அதன்மேல் இரண்டு மாடி எழுப்பலாம். செடி எங்கே வேர் விடும்? சாயங்காலம் நட்டால் காலையில் எல்லாம் மேலே மிதந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதோடு விட்டாரா? வேலைக்குப் போகும்போது ஒரு குடம், வந்ததும் ஒரு குடம் ஊற்றி, கூடமெல்லாம் வழிய, தொட்டிக்கு மேலே ஈரச் சாக்கையும் போர்த்திவிட்டார். மாடி வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்து, "உள்ள என்னக்கா?" என்றாள். "மீனும்மா. கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றேன். அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் வாடை தாங்கவில்லை. சாக்கைத் தூக்கினால் செடி எல்லாம் வேகவைத்த கீரை. கடைக்காரரிடம் ஓடினேன். "சாக்கா? செடிக்கு வெளிச்சம் வேணும்மா! தொட்டிமேல யாராவது சாக்கு போடுவாங்களா?" என்று தலையில் கைவைத்தார். வீட்டில் வந்து சொன்னால் உன் மாமா, "அப்ப வெடிப்பு விட்டா அவரு வருவாரா?" என்று என்னையே கேட்கிறார்.

மறுபடி முதலிலிருந்து. மண்ணைப் பொலபொலவென்று நானே போட்டேன், புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொரு செடியாக நட்டேன், உன் மாமாவின் குடத்தை ஒளித்துவைத்தேன். செடி துளிர்த்தது தம்பி, என் கையால்! எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து, வெறும் தண்ணீரைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்து, "செவப்பு மீனு ஜோரா இருக்கு, இலைக்குப் பின்னால நிக்குது" என்றார். வயசான மனுஷர், நான் மறுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நிஜமாகவே ஆறு கப்பி மீன் வந்தது. உன் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பையைப் பிரித்து, "மெதுவா, மெதுவா, எடம் புதுசு" என்று ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார். நேற்றோடு ஒரு மாதம். ஆறும் உயிரோடு இருக்கிறது. அது மட்டுமா? இன்று காலை எள்ளுக்குக் கண் வைத்த மாதிரி பதினோரு குட்டிகள்! நீ கேட்டது ஒன்று, நான் காட்டுவது பதினேழு. இனி என்ன சாக்கு சொல்லப்போகிறாய்? பாப்பாவுக்குக் கட்டில் போட்டாயிற்று. தொட்டி தெரிகிற பக்கமாகத்தான் தலைமாடு.

உன் வீட்டுக்காரிக்கு நோகாமல் பிரசவம் ஆகட்டும், உன் நாக்குக்கு நல்ல புத்தி வரட்டும், எல்லாரும் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
பதினேழு உயிரைக் கட்டிக் காக்கும்
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் இன்னொரு தரம் எண்ணினேன். பதின்மூன்றுதான் இருக்கிறது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "பெத்ததே குட்டியைத் தின்னுடும்மா, செடிக்குள்ள ஒளிஞ்சதுதான் தப்பிக்கும்" என்கிறார் சாவகாசமாக. உன் மாமா நாலைந்து செங்கல்லோடு வந்து உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பட்டுமா என்று நிற்கிறார். நீ இதை வைத்து என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார் தம்பி, தின்றது அத்தையா? பெத்ததுதானே! பிள்ளைகள் யாரிடம் இருந்தால் பத்திரம் என்று இதிலேயே தெரியவில்லையா? பாப்பாவைச் சீக்கிரம் அனுப்பு.