ஏரிக்கரையில் தண்ணீர்ப் பஞ்சம்

எக்ஸெல் ஷீட் போடத் தெரிந்தவன் உலகத்தையே ஆளலாம் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். நியூஜெர்சியில் பத்து வருடம் புராஜெக்ட் மேனேஜராகக் குப்பை கொட்டினால் யாருக்கும் வரக்கூடிய வியாதிதான். அது எப்படிக் குணமானது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மாமனார் சொல்லிவிடுவார். அவர் சொல்வது இன்னும் மோசமாக இருக்கும்.

மாமனார் சென்னையில் குடிநீர் விநியோகத்தில் முப்பத்திரண்டு வருடம் என்ஜினியராக இருந்தவர். கோடையில் காலிக் குடத்தோடு ஆபீஸை முற்றுகையிட்ட பெண்களையே சமாளித்தவர். அவரால் சமாளிக்க முடியாமல் போனது, தன் மகள் வித்யா என்னைக் காதலித்ததைத்தான். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், பாயசம்கூட இரண்டு முறை வாங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஏழு வருடமாக வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "வித்யா, டிவியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லும்மா" என்பார். வித்யா கடைக்குப் போயிருந்தால் டிவியிடமே சொல்வார்.

சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கு அது வலித்தது. அதனால் போன வருடம் இலையுதிர் காலத்தில் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது (மாமியாருக்கு முழங்கால் வலி, ஊரிலேயே இருந்துவிட்டார்) ஒரு முடிவுக்கு வந்தேன். ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, வடக்கே சாம்ப்ளேன் ஏரியை நான்கு நாளில் ஒரு சுற்று சுற்றுவது. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் கொண்ட வண்டி. கரை முழுக்கச் சிவந்த மரங்கள். சுற்றி முடிப்பதற்குள் மனிதர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட வேண்டும்.

"ஹோட்டல்ல தங்கலாமே? அப்பாவுக்குக் காலைல நிம்மதியா குளிக்கணும்" என்றாள் வித்யா.

"பாத்ரூம் நம்ம கூடவே வருது. நீ கவலைப்படாத, எல்லாம் பிளான்ல இருக்கு."

பிளான் என்றால் எக்ஸெல் ஷீட்தான், அதில் ஒன்பது டேப். எந்த ஊரில் எந்தத் தேதியில் இலை சிவக்கும் என்பதற்கு ஒரு டேப். புளிசாதம் எந்த வேளைவரை தாங்கும் என்பதற்கு ஒன்று. கரடி வந்தால் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்கு ஒன்று. (மகள் மீராவை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று எனக்கும் வித்யாவுக்கும் இரண்டு நாள் சண்டை.) தண்ணீர் டேப்பில் மட்டும் ஒரே வரி: "பக்கத்திலேயே ஏரி. பிரச்சினை இல்லை."

லேப்டாப்பை டிவியில் இணைத்து, மாமனாருக்கு ஒன்பது டேப்பையும் நின்றுகொண்டே விளக்கினேன். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "தண்ணி எங்க ரொப்பறாங்கன்னு கேளும்மா."

"ராத்திரி வண்டிய நிறுத்தற ஒவ்வொரு கேம்ப்லயும் குழாய் இருக்கு மாமா. வண்டி டேங்க்ல கொஞ்சமா வெச்சுக்கிட்டா போதும், வெயிட் கம்மியா இருக்கும். யூடியூப்ல ஒருத்தர் சொன்னார்."

"ம்" என்றார் அவர், டிவியிடம். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கேம்ப்காரர்கள் அனுப்பிய மெயிலின் அடியில் ஒரு வரி இருந்தது: குளிரில் பைப் வெடிக்கும் என்பதால் அக்டோபர் நடுவிலேயே குழாய்களை மூடிவிடுவோம், டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள். இந்த வரியை நான் வீடு திரும்பிய பிறகு படித்தேன். (மெயிலை மேலிருந்துதானே படிக்க ஆரம்பிப்போம்? பாதியில் ஆபீஸ் கால் வந்துவிட்டது.)

முதல் நாள் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. கேம்ப் குழாயிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். டேங்கில் இருந்ததை வைத்துத் தாராளமாகப் பாத்திரம் தேய்த்தோம், கை கால் கழுவினோம், தூங்கினோம்.

மாமனார் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டார். சென்னையிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்திருந்த தன் சொந்த மக்கோடு பாத்ரூமுக்குள் போனார். கதவில் நான் ஒரு காகிதம் ஒட்டியிருந்தேன்: நனைக்கவும், குழாயை மூடவும், சோப்புப் போடவும், திறக்கவும், மொத்தம் இரண்டு நிமிடம். (நேரில் சொல்ல தைரியம் இல்லை.) தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ஒரு நகரத்துக்கே முப்பத்திரண்டு வருடம் உபதேசம் செய்தவர், குற்றாலத்தில் நிற்பதுபோலக் குளித்தார். டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த படுக்கையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பம்ப் இரண்டு முறை இருமியது. பிறகு சத்தமே இல்லை.

"மாப்ள!"

துள்ளி எழுந்தேன். தலை கூரையில் இடித்தது.

"மாப்ள! தண்ணி நின்னுபோச்சு! தல பூரா ஷாம்பு!"

உண்மையைச் சொல்கிறேன், தண்ணீர், ஷாம்பு எதுவும் என் காதில் விழவில்லை. வித்யாவை உலுக்கி எழுப்பினேன். "கேட்டியா? உங்கப்பா என்ன சொன்னாரு, கேட்டியா?"

"கேட்டுது. தண்ணி இல்லையாம். போய்ப் பாருடா லூசு!"

வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஹோஸை மாட்டிக் குழாயைத் திறந்தேன், ஒரு சொட்டு இல்லை. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஏரி. பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு பைஜாமாவோடு ஓடினேன்.

அந்த பாத்ரூமில் இன்னொருவர் நின்று தண்ணீர் ஊற்ற இடம் கிடையாது. ஆகவே மாமனார் இடுப்பில் துண்டோடு, தலையில் நுரையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வெளியே வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வித்யா அடுப்பைப் பற்றவைப்பதற்குள், "கண்ணு எரியுது மாப்ள, பச்சத்தண்ணியே ஊத்துங்க!" என்றார். (மூன்றாவது முறை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.) ஊற்றினேன். அவர் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த வாத்துகள் மொத்தமாகப் பறந்தன. ஜன்னலிலிருந்து மீரா, "டாடி, தாத்தா இஸ் டர்னிங் புளூ!" என்று கத்தினாள்.

அக்கம்பக்கத்து ஆர்.வி.க்காரர்கள் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதில் ஒரு வயதான அம்மாள் மட்டும் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் டைம்?" என்று கேட்டார். பதில் மாமனாரிடமிருந்து வந்தது. கண்ணைத் திறக்காமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"மேடம், ஐ வாஸ் இன் வாட்டர் சப்ளை. தர்ட்டி டூ இயர்ஸ்."

அந்த அம்மாள் வெந்நீரை மக்கில் ஊற்றிக் கொடுத்தார்.

மீதி வெந்நீரில் காபி போட்டோம். மாமனார் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து குடித்தார். தலை காய்ந்தது. "வித்யா, பக்கத்துல ஹோட்டல் ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்லும்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாக்கி இரண்டு இரவும் ஹோட்டலில்தான் தங்கினோம். ஆர்.வி. பார்க்கிங் லாட்டில் தனியாகத் தூங்கியது. ஏரியில் கால்வாசிகூடச் சுற்றவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை அவர் அந்த வார்த்தையை மறுபடி எடுக்கவில்லை.

இந்தத் தையில் வித்யாவின் தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போனோம். மண்டபத்தில் மாமனாரைச் சுற்றி ஒரே சிரிப்பு. தூணுக்குப் பின்னால் பதுங்கப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். "எங்க மாப்பிள்ளை! கடல் மாதிரி ஏரிக்கரையில என்னைத் தண்ணிக்கு அலைய விட்டவரு இவர்தான்!" என்று ஆரம்பித்தார். போன வாரம் வீடியோ காலில் யாருக்கோ என்னைக் காட்டிச் சொன்னபோது ஏரி பாதி உறைந்திருந்தது, ஒரு கரடியும் வந்துவிட்டது. நான் மறுப்பதில்லை. முதல் இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகு மீதி எதுவும் என் காதில் விழுவதே இல்லை.