அபெனிசாவின் ஆறு நாள் பட்டியல்

ஜோனே வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் அபெனிசாவுக்குத் தன் தப்பு உறைத்தது.

அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்தவன், தெருவில் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு ஜோனேயைப் பார்த்து, "வா மச்சான், சாப்பிடலாம்!" என்று கூப்பிட்டுவிட்டான். அவர்கள் குடியிருக்கும் ரைவாங்காவில் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர், "இப்பதான் சாப்பிட்டேன், வயித்துல இடமில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பதினாலு வருஷமாக அபெனிசா கூப்பிட்டுக்கொண்டும் ஜோனே நடையைக் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். இன்றைக்கு அவனுக்கு என்ன வந்தது?

ஜோனே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"மீனா மச்சான்? தேங்காப்பால் ஊத்துனதா?"

"ஆமா. நீ சாப்பிட்டிருப்பியே?"

"சாப்பிட்டேன். அதுக்காக? நீ இவ்ளோ ஆசையா கூப்பிடுற, எப்படி வேணாம்னு சொல்றது?"

பன்னிரண்டு வயது லோசலினி நாலாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு வயது தெவீதா, ஜோனே கை போட்ட பெரிய துண்டையே பார்த்தான்.

"அப்பா, அது நாளைக்கு மதியத்துக்குன்னு பட்டியல்ல போட்டிருக்கே?"

அபெனிசா அவன் வாயில் ஒரு துண்டு சேப்பங்கிழங்கைத் திணித்தான்.

அந்தப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. நர்ஸாக இருக்கும் அவன் மனைவி மகெரேதா ஆறு வாரப் பயிற்சிக்காக லௌதோகாவுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் சனிக்கிழமைதான் வீடு.

"உங்களால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. கடல் தாண்டி லம்பாசாவிலேர்ந்து வசீதி அக்காவை வரச் சொல்றேன். ஆறு வாரமும் இருந்து சமைச்சுப் போடும்" என்று பெட்டியை மூடும்போது சொன்னாள்.

வசீதி என்ற பெயரைக் கேட்டதும் அபெனிசாவுக்கு வியர்த்தது. மனைவியின் அக்கா போன தடவை பத்து நாள் இருந்தாள். விடிவதற்கு முன்னால் எல்லோரையும் தட்டி எழுப்பி ஜெபம். ரக்பி பார்க்க உட்கார்ந்தால் டி.வி. மேல் துணியைப் போட்டு மூடிவிடுவாள். அவன் நண்பர்களோடு கவா வேர்ச்சாறு குடிக்கிற மரக்கிண்ணத்தில் மண்ணை நிரப்பிக் கீரை விதை தூவியிருந்தாள். கீரை நன்றாக வந்தது. நண்பர்கள்தான் வரவில்லை.

"எதுக்கு அக்காவைத் தொந்தரவு பண்ணணும்? எங்க ஆபீசுல முழுத் தீவையே ஒரு காகிதத்துல அடக்குறோம். ஆறு நாள் சாப்பாட்டை அடக்க முடியாதா?"

அவன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். மூன்று நிற மையில், அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டான். திங்கள் இரவு மிஞ்சும் மீன் செவ்வாய் மதியத்துக்கு என்று ஓர் அம்புக்குறி. செவ்வாய் மிஞ்சும் மரவள்ளி புதன் காலைக்கு என்று இன்னோர் அம்பு.

"இந்த வாரம் பட்டியல்படி நடந்துச்சுன்னா அக்கா வேணாம். நடக்கலன்னா அடுத்த கப்பல்லயே அக்கா" என்றாள் மகெரேதா.

இப்போது முதல் அம்பு ஜோனேயின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. மீன் தலையையும் உறிஞ்சி முடித்துவிட்டு அவன் எழுந்தான்.

"முள்ளு கொஞ்சம் ஜாஸ்தி மச்சான். மத்தபடி குறை சொல்ல முடியாது."

மறுநாள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு மீன் இல்லை. புதன்கிழமை இரவுக்கு வைத்திருந்த டின் மீனை உடைத்துக் கொடுத்து அனுப்பினான். அன்று சாயங்காலம் சாப்பிட உட்காருவதற்கு முன் கதவைச் சாத்தினான். ஜன்னல்களையும் சாத்தினான்.

"அப்பா, வேகுது" என்றாள் லோசலினி.

"மெதுவா பேசு. கதவு திறந்திருந்தாத்தானே கூப்பிடணும்? மூடியிருந்தா கூப்பிட வேண்டாம்ல?"

மூன்று பேரும் புழுக்கத்தில் கிசுகிசுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கதவு தட்டப்பட்டது. சர்ச் மாதர் சங்கத் தலைவி உலமிலாவின் குரல்.

"அபெனிசா, உள்ள இருக்கியா? ஏன் கதவு மூடிக் கிடக்கு?"

அவன் வாய் நிறைய மரவள்ளி. "இக்கேங்க்கா" என்று ஒரு சத்தம் வந்தது.

"அழாத தம்பி!" என்றாள் உலமிலா. "இதோ வந்துட்டேன்!"

அவள் அந்தப் பக்கம் ஓடியதன் அர்த்தம், கிழங்கை விழுங்கி முடித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அந்தத் தெருவில் இருட்டுவதற்கு முன்னால் கதவை மூடினால் வீட்டில் ஏதோ துக்கம் என்று பொருள். கதவைத் திறந்தபோது ஒன்பது பெண்கள் பாய்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி பாட்டே ஆரம்பித்துவிட்டாள்.

"யாருப்பா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் உலமிலா.

"என்ன யாரு? இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். மகெரேதா மட்டும்தான் போயிட்டா."

"ஐயோ! மகெரேதா!"

"லௌதோகாவுக்குக்கா! லௌதோகாவுக்குப் போயிருக்கா!"

அதற்குள் நாலு பேர் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாளுக்குக் காது கேட்காது. அவளை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அழுதவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? டீ போட்டான். வியாழக்கிழமை மாவு ரொட்டியாக மாறியது. காலைகளுக்கு வைத்திருந்த வெண்ணெயும் ஜாமும் காணாமல் போயின.

உலமிலா போகும்போது பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். "பரவால்ல, நல்லாத்தான் கவனிக்கிற" என்றாள்.

புதன்கிழமை அவன் பட்டியலில் பாதியை அழித்தான். யோசித்துப் பார்த்ததில் கோளாறு கதவில் இல்லை, ருசியில்தான் என்று தோன்றியது. மணமாகச் சமைப்பதால்தானே வருகிறார்கள்? அன்று வெறும் பெலே கீரையை வேக வைத்தான். தேங்காய்ப்பால் இல்லை, வெங்காயம் இல்லை. உப்பைக்கூட எட்டத்தில் வைத்தான். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தைரியமாக உட்கார்ந்தான்.

அவனுடைய சொந்த அக்காவின் மகன் இனோகே குனிந்து உள்ளே வந்தான். நிமிர்ந்து வந்தால் நிலை தலையில் இடிக்கும். போலீஸ் வேலை, போலீஸ் அணியில் ரக்பி. தாய்மாமன் வீட்டில் மருமகன் எதை எடுத்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அங்கே அது பிறப்புரிமை. அந்த உரிமையை இனோகே ஒரு நாளும் வீணடித்ததில்லை.

சட்டியைத் திறந்து பார்த்தான். "என்ன மாமா இது? ஆடு கீடு வாங்கியிருக்கீங்களா?"

"உடம்புக்கு நல்லதுடா."

"யார் உடம்புக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தான்.

"டேய், அது வெள்ளிக்கிழமைக் கோழி!"

"இன்னிக்கே வெந்துடும் மாமா."

கோழி பொரிகிற மணம் வீட்டைத் தூக்கியது. தெவீதா கீரைத் தட்டைக் காலால் மெதுவாக மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான். கடைசியில் கீரையைச் சாப்பிட்டது அபெனிசா மட்டும்தான்.

வியாழக்கிழமை அவனுக்கு வீராப்பு வந்துவிட்டது. வேலை முடிந்து மார்க்கெட் வழியாக வந்தான். மூன்று கோழி, ஒரு மூட்டைக் கிழங்கு. சர்ச் விருந்துக்குச் சமைக்கிற பெரிய பானையை இரவல் வாங்கித் தோளில் வைத்துத் தூக்கி வந்தான்.

"வரட்டும்! யார் வேணும்னாலும் வரட்டும்! சேர்த்தே சமைச்சுட்டா பட்டியலை யாரு என்ன பண்ண முடியும்?"

பதினைந்து பேருக்குக் குழம்பு கொதித்தது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தான்.

ஒருவரும் வரவில்லை.

"வா மச்சான், சாப்பிடலாம்!" என்று ஜோனேயைக் கூப்பிட்டான்.

"இப்பதான் சாப்பிட்டேன் மச்சான். வயித்துல இடமில்ல." ஜோனே நடையைக் கட்டினான்.

உலமிலாவைக் கூப்பிட்டான். அவளும் சாப்பிட்டாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த முகம் தெரியாதவர்களையும் கூப்பிட்டான். அபெனிசா கரண்டியோடு தெருவுக்கே வந்து, "ஒரு வாயாவது சாப்பிட்டுப் போங்களேன்!" என்று கெஞ்ச, ஒரு பெரியவர் பயந்துபோய் எதிர்ச்சாரிக்கு மாறினார்.

கடைசியில் பக்கத்து வீட்டு இந்தியப் பெண்மணி சுமிந்த்ரா மட்டும் வந்தாள். பிள்ளைகள் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிடுறாங்களா? நல்லது."

"நீங்களும் உட்காருங்க தீதீ! நெஞ்சுக்கறியா பாத்துப் போடறேன்."

"இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே. எனக்கு விரதம்." அவள் பானையைப் பார்த்தாள். "இவ்ளோ யாருக்கு? லோசலினிக்குக் கல்யாணமா?"

அவ்வளவு குழம்பும் ஃபிரிட்ஜில் அடங்காது. வேறு வழியில்லாமல், வீட்டிலிருந்த கிண்ணங்களை எல்லாம் நிரப்பித் தெருவில் பதினொரு வீட்டுக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினான். பானை காலியானதும் மனசு லேசானது. வெள்ளிக்கிழமையாவது பட்டியல்படி நடக்கும்!

வெள்ளிக்கிழமை அவன் வேலையிலிருந்து வந்தபோது பதினொரு கிண்ணங்களும் மேஜையில் வரிசையாகத் திரும்பியிருந்தன. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. சேப்பிலையில் கட்டி வேக வைத்த இறைச்சி, ஆக்டோபஸ், நூடுல்ஸ், பூசணி, அன்னாசி போட்ட கேக். சுமிந்த்ரா வீட்டிலிருந்து பருப்பும் பயத்தங்காய்க் கறியும். ஃபிரிட்ஜ் கதவை மூட முடியாமல் தான் இடுப்பில் கட்டும் பழைய சுலுவால் சுற்றிக் கட்டினான். பட்டியல் அந்தத் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கசங்கியது.

லோசலினி அதை உருவி எடுத்துப் படித்தாள்.

"அப்பா, இதுல இருக்கிறதுல ஒண்ணாவது நாம சாப்பிட்டோமா?"

"ஏன், திங்கக்கிழமை மீன்?"

"அதுல பாதி ஜோனே மாமா."

அபெனிசா எழுந்துபோய் அளவுகோலையும் மூன்று நிற மையையும் எடுத்துவந்தான்.

"ஆத்தங்கரை இடம் மாறிப் போச்சுன்னா ஆபீசுல என்ன பண்ணுவோம் தெரியுமா? ஆத்தையா நகர்த்துவோம்? வரைபடத்தை மாத்துவோம்."

என்னென்ன சாப்பிட்டார்களோ அதையெல்லாம் கட்டம் கட்டமாக எழுதிப் புதுப்பட்டியல் போட்டான். அம்புக்குறிகள்கூட முன்னைவிட அழகாக வந்தன.

"அம்மா கேட்டா இதுதான் பழைய பட்டியல். தெரியுதா?"

"அது பொய்யாச்சே" என்றான் தெவீதா.

"பெரியம்மா வந்தா விடியறதுக்கு முன்னாடி எழுப்பி ஜெபம் பண்ணச் சொல்லுவாங்க."

"இதுதான் பழைய பட்டியல்" என்றான் தெவீதா.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மகெரேதா வந்தாள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைக்காமலே ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று பட்டியலைப் படித்தாள். அபெனிசாவுக்கு லம்பாசாக் கப்பலின் சங்கு காதுக்குள் ஊதுவது போலிருந்தது.

"செவ்வாய் ராத்திரி ரொட்டி, ஜாம், டீ?"

"லேசா இருக்கட்டுமேன்னு."

"புதன் பொரிச்ச கோழி. சரி. வெள்ளிக்கிழமை பதினோரு வகையா?"

"வளர்ற பிள்ளைங்க. எல்லாச் சத்தும் சேரணும்ல?"

மகெரேதா சுலுவின் முடிச்சை அவிழ்த்தாள். அன்னாசிக் கேக் அவள் கைக்குள் வந்து விழுந்தது. கேக்கைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மிச்சம் வேற இவ்ளோ வச்சிருக்கீங்க. நான் இருந்தாக்கூட இப்படி முடியாது" என்றாள். "அக்காவுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடறேன்."

அபெனிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேஜை மேல் கிண்ணங்களை எடுத்து அடுக்கினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல மகெரேதா. எல்லாம் திட்டம் போடுறதுலதான் இருக்கு. முன்கூட்டியே யோசிச்சு, எந்த நாள் என்னன்னு ஒரு காகிதத்துல எழுதிட்டா அப்புறம் அது தானா நடக்கும். நீகூட இனிமே அப்படிச் செஞ்சு பாரு."

"செஞ்சு பாக்கறேன்" என்றாள் மகெரேதா பணிவாக.

அந்த நேரத்தில் இனோகே குனிந்து உள்ளே வந்தான். யாரையும் கேட்காமல் சேப்பிலை இறைச்சியில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மென்றபடியே மாமனைத் தாண்டி மகெரேதாவிடம் போனான்.

"அத்தை, பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு பாத்துட்டு வர எங்களுக்கு ஆளுக்கொரு நாள் பட்டியல் போட்டுக் குடுத்துட்டுப் போனீங்கல்ல? அதுல அடுத்த வாரம் எனக்குப் புதன் வேணாம், வியாழனா மாத்திக் குடுங்க."