புள்ளி மாஸ்டரின் நகப்பூச்சு

மலேசியாவின் கேமரன் மலை லாரிக்காரர்களுக்கு நகப்பூச்சின் நிறங்களைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, உலகத்தில் வேறெந்த மலையிலும் எந்த லாரிக்காரருக்கும் தெரிந்திருக்காது. இதற்கு ஒரே ஒரு மனிதர்தான் பொறுப்பு. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பெயர் என்ன, வயது என்ன என்று ஊரைக் கேட்டே இருபது வருடம் பத்திரிகையில் பிழைத்தவன் நான். அவரிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. எல்லாரும் புள்ளி மாஸ்டர் என்றார்கள், நானும் அப்படியே குறித்துக்கொண்டேன்.

கோலா தெர்லாவில், காய்கறி லாரிகள் மூச்சு வாங்கித் திரும்புகிற வளைவில் அவர் வீடு. முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். கார்களில் பொருத்தும் ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். அதைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். ஒரு முறை தோட்டத்துத் துரை வீட்டிலிருந்து ரைஸ் குக்கர் ஒன்று வந்தது. மாஸ்டர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது பாடுமா?"

"சோறுதான் ஆக்கும், மாஸ்டர்."

"அப்ப எடுத்துட்டுப் போ லா."

ஆம்ப்ளிஃபயர் என்றால் கதையே வேறு. மேசையில் பச்சைத் துண்டு விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து, முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் திருகாணியைக் கழற்றுவார். பழுது பார்த்து முடித்ததும் இரண்டு மணி நேரம் அதை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பார். ஒலிபெருக்கி கிழிந்துவிடக் கூடாதே என்று, அதற்குப் பதிலாகச் சூடேறும் கம்பிச் சுருள்களை மாட்டி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்திருப்பார். சத்தம் துளி வராது, தண்ணீர் மட்டும் கொதிக்கும். அந்தத் தண்ணீரில்தான் வாடிக்கையாளருக்குத் தேநீர் கலக்குகிறார் என்று பிரிஞ்சாங் வரைக்கும் ஒரு வதந்தி உண்டு. அது பொய். சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் சற்று ஆறியதும், மலைக்குளிருக்கு இதமாகத் தன் இரண்டு கால்களையும் அதில் விடுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் புள்ளி. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு திருகு இருக்கும். பாட்டை எவ்வளவு தூரம் உள்ளே வாங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். அளவுக்கு மேல் திருகினால் சத்தம் கிழியும், உள்ளே இருப்பதெல்லாம் வெந்துபோகும். நம் பிள்ளைகளோ அது இருப்பதே கடைசி வரைக்கும் திருகுவதற்குத்தான் என்று நம்புகிறவர்கள். எனவே மாஸ்டர் மீட்டர் வைத்து அளந்து, சரியான இடத்தில் திருகை நிறுத்தி, திருகும் பெட்டியும் சேருகிற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பார். திருகை அசைத்தால் புள்ளி உடைந்துவிடும்.

"புள்ளி ஒடஞ்சா என் வாசல்ல கால வைக்காத. அழுதாலும் தாக் போலே. முடியாதுன்னா முடியாது."

ஆயுள் தண்டனை. மேல்முறையீடு கிடையாது. அடுத்த பட்டறை ஈப்போவில், அத்தனை வளைவுகளையும் இறங்கிப் போக வேண்டும்.

பயந்தார்கள். ஆனால் திருகுவதை விடவில்லை. உடைந்த புள்ளியை அதே நிறத்தில் திரும்ப வைக்க, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நகப்பூச்சு விற்கும் அக்காவின் கடை முன்னால், கக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு தடித்தடி ஆண்கள் நிற்க ஆரம்பித்தார்கள்.

"இத விடக் கொஞ்சம் கருஞ்செவப்பு இருக்காக்கா?"

"வீட்டுக்காரி செவப்பா, மாநிறமா? சொன்னாத்தானே எடுத்துக் குடுக்க?"

"கறுப்புக்கா. இரும்புப் பெட்டி."

ஒரு லாரிக்காரர் நிறம் சரிதானா என்று கட்டை விரல் நகத்தில் பூசிப் பார்த்துவிட்டு, அழிக்க மறந்து, ரோஜா நிற நகத்தோடு கோலாலம்பூர் மொத்தச் சந்தை வரைக்கும் முட்டைக்கோசு ஏற்றிப் போய்வந்தார். அங்கே அவரை இன்றைக்கும் "ரோஜா" என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

மாஸ்டருக்கு விஷயம் எட்டியது. அவர் யாரையும் திட்டவில்லை. மாதத்துக்கு ஒரு நிறம் என்று மாற்றிவிட்டார். எந்தப் பெட்டிக்கு எந்த மாதம் புள்ளி வைத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். அதன் பிறகு தேநீர்க் கடைகளில் பேச்சே மாறிப்போனது. "ஜூன் மாசத்துக் கலரு பீச்சா, பவழமா?" என்று மீசை வைத்தவர்கள் கைகலப்பு வரைக்கும் போனதை நான் குறிப்பெடுத்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் போன டிசம்பரில் என் மனைவியின் தம்பி செபாஸ்டின் மாட்டினான். கோலா தெர்லாவுக்கு எதிர் மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு வேலை. அவனுடைய பழைய கார்தான் அந்தத் தோட்டத்தின் தொண்டை. கோயில் திருவிழாவோ, கல்யாணமோ, கிறிஸ்துமஸ் கீதமோ, கூரை மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அந்தக் கார்தான் முன்னால் போகும். சனிக்கிழமை மாலை கீதப் பவனி. லைன் என்று சொல்லும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு மாதமாகப் பாடிப் பழகியிருந்தார்கள். முந்தின வருடம் மழையால் பவனியே நடக்கவில்லை, இந்த வருடம் விட மாட்டேன் என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்திருந்தான் செபாஸ்டின். புதன்கிழமை ஒத்திகையில் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது.

"அலாமாக் மச்சான், கித்தார மட்டும் வெச்சிப் பாடுனா மொத லைன்ல பாடுறது ரெண்டாவது லைனுக்கே கேக்காது. நீ வா. பேப்பர்காரன் பக்கத்துல நின்னா மாஸ்டரு கொஞ்சம் அடக்கிப் பேசுவாரு."

பாதி வழியில் காரின் வேகம் குறைந்தது.

"ஒரு விசயம் மச்சான். அந்தப் புள்ளி... அது மாஸ்டரு வெச்ச புள்ளி இல்ல."

"போலியா?"

"போலின்னும் சொல்ல முடியாது."

அதோடு அவன் மறுபடி காரை முடுக்கினான்.

மாஸ்டர் துண்டை விரித்தார். மோந்தார். "நல்லா வேக வெச்சிருக்க" என்றார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் புள்ளியின் மேல் குனிந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் அசையவில்லை.

"செப்டம்பர் கலர். சரியாத்தான் இருக்கு."

செபாஸ்டின் மூச்சு விட்டான்.

"கலரு என்னுது. பாட்டிலும் என்னுது. கைதான் என்னுது இல்ல. என் புள்ளி உருண்டையா இருக்கும். இதுக்கு வாலு இருக்கு."

பின்பாதியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ரோசி!"

மாஸ்டரின் மனைவி ரோசி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரல்களில் டிசம்பர் மாதத்து நிறம் பளபளத்தது.

"யாரு வெச்ச புள்ளி இது?"

"நாந்தான் வெச்சேன். இப்ப அதுக்கு என்னா?"

"இது மாதிரி எத்தன பேருக்கு?"

"யாரு எண்ணுனா? பின்வாசல்ல வந்து முட்டக்கோசு குடுத்தவனுக்கெல்லாம் வெச்சேன்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மலையிலேயே பெரிய கள்ளப் புள்ளிக்காரர் தன் சமையலறையில்தான் இருந்திருக்கிறார் என்ற செய்தி இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இவனுக்கு என்னா குடுத்தான்னு வெச்ச?"

"இவன் ஒண்ணும் குடுக்கல. நாந்தான், திருகக் கொஞ்சம் தூக்கி வையி தம்பின்னு கேட்டேன். முப்பது வருசமா அந்தப் பக்கம் நான் பொறந்த லைன்ல பாடுறாங்க. நீங்க வெக்கிற புள்ளியில கார் லைட்டு மட்டுந்தான் இங்க வருது. பாட்டு வரலியே."

ஒரு லாரி வளைவைக் கடந்தது. பத்திரிகைக்காரன் புத்தி, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாஸ்டர், புள்ளிய ஒடைக்கச் சொன்னவங்களும் வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னா, அக்கா எங்க போவாங்க?"

"ஈப்போவுல தங்கச்சி வீடு இருக்கு தம்பி, நான் போறேன்" என்றார் ரோசி அக்கா. "நாளையிலேர்ந்து இவரு சோத்த இவரே சால்டர் பண்ணிக்கட்டும்."

மாஸ்டர் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். அதுதான் தீர்ப்பு.

கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையலறை ஜன்னலில் வரிசையாக நகப்பூச்சுப் பாட்டில்கள் நின்றன. புள்ளிக்குத் தேவை ஒரு கடுகளவு. எல்லாப் பாட்டிலும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"எல்லாம் கள்ளப் புள்ளியப் புடிக்க வாங்குனதா, அக்கா?"

"அப்படித்தான் சொல்லுவாரு." அக்கா விரல்களை விரித்துக் காட்டினார். "ஆனா பாருங்க தம்பி, என் கைக்கு ஒத்து வர்ற கலரா பாத்துத்தான் திருடனப் புடிக்கிறாரு."

சனிக்கிழமை காலை பெட்டி தயார். செபாஸ்டின் ஆவலோடு திருகைப் பார்த்தான். மாஸ்டர் முதலில் அளந்து நிறுத்திய இடத்திலேயே நின்றது, ஒரு மயிரிழை கூட ஏறவில்லை. மேலே புதுப் புள்ளி, வால் இல்லாத உருண்டைப் புள்ளி. ரோசி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் போகிற வரைக்கும் மாஸ்டர் காத்திருந்தார்.

"டேய், கார் கூரையில ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாக்குது?"

"லைன் பக்கம், மாஸ்டர்."

"எல்லா வீட்லயும் பாடி முடிச்சிட்டு, கடைசியா கார மேட்டுல நிறுத்து. ஸ்பீக்கர பள்ளத்துப் பக்கம் திருப்பு. அங்கேர்ந்து எங்க தகரக் கூரை தெரியும். அதப் பாத்து வையி. கொஞ்சம் கீழ சாய்ச்சுக்க. சத்தத்தக் கூட்டுறவன் மடையன். திருப்பத் தெரியணும்லா."

அன்று மாலை என்னைக் கோலா தெர்லாவில் நிறுத்திவிட்டுப் போனான் செபாஸ்டின். பாட்டு வந்து சேர்ந்ததா என்று போனில் சொல்வது என் வேலை. எட்டரை மணிக்கு எதிர் மலையில் கார் விளக்கு மேட்டில் ஏறி நின்றது. பனிமூட்டத்துக்கு நடுவே, முதலில் கித்தார், பிறகு பிள்ளைகளின் குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. ரோசி அக்கா பின்வாசல் நிலையைப் பிடித்தபடி கூடவே பாடினார். ஒரு வரி கூட அவர் மறந்திருக்கவில்லை.

மாஸ்டர் பட்டறையில் வேறொரு பெட்டியின் மேல் குனிந்து, சால்டரிங் கம்பியைப் பிடித்திருந்தார்.

"பேஸு கொஞ்சம் அதிகம்" என்று முணுமுணுத்தார்.

கம்பியின் பிளக் மேசை மேல் கிடந்தது. அவர் கண்கள் மூடியிருந்தன.

"கேக்குது" என்று போனில் செபாஸ்டினிடம் சொன்னேன்.

என் காரில் ஆம்ப்ளிஃபயர் இருந்ததே இல்லை. எனக்குப் பாட்டுக் கேட்கும் வழக்கமும் குறைவு. போன மாதம் பழையது ஒன்று வாங்கிப் பொருத்தினேன். புள்ளி மாஸ்டரிடம் கொண்டுபோக இதுவரை அதில் ஒரு கோளாறும் வரவில்லை. நம்பிக்கையை விடாமல் இருக்கிறேன்.