ஹெப்சி வளர்த்த கொசுக்கள்

"சூர்யா, என் சீட்டைக் குடுடா. அடுத்து நீ, அதுக்கப்புறம் நான்."

"ஒரு நிமிஷம் ஹெப்சி. நீ எப்படி ஆரம்பிச்சிருக்கேன்னு மட்டும் பார்த்துட்டுத் தரேன்."

தாம்பரத்தில் ஒரு கல்லூரி. விலங்கியல் துறைக் கூடத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் நாற்பது பேர், பல் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மேடையேறிப் பெயர், ஊர், எதில் ஆராய்ச்சி செய்ய ஆசை என்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கேட்கிறவர் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்தார். கோடை விடுமுறையில் தன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். காலையிலிருந்து அவர் சிரிக்கவேயில்லை. "பறவைகள்" என்று சொன்ன ஒரு பையனிடம், "என்ன பறவை?" என்று கேட்டார். அவன் பயத்தில் "கோழி சார்" என்று சொல்லிவிட்டு, அழாத குறையாக இறங்கி வந்திருந்தான்.

அந்த ஒரே ஒருவராக ஹெப்சி இருந்தே தீர வேண்டும். அப்பா தேவானந்தம் அப்படிச் சொல்லியிருந்தார்.

"புழு பூச்சியப் படிச்சு என்னத்தக் கிழிச்சே? இந்த செலெக்ஷன்ல வந்தியா, மேல படி. வரலையா, திங்கக்கிழமை பாங்க் கோச்சிங்." கோச்சிங் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே நிரப்பி, அவளுடைய போட்டோவைக்கூட அவரே ஒட்டி வைத்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் ஹெப்சி மூன்று நாள் உட்கார்ந்து, மேடையில் பேச வேண்டியதை அந்தச் சீட்டில் எழுதியிருந்தாள். இப்போது சூர்யா அதைக் கையில் வைத்துக்கொண்டே மேடையேறிவிட்டான்.

"என் பேரு சூர்யா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில விக்கிற வண்ண மீன்களுக்கு வர்ற நோய்களைப் பத்தி ஆராய்ச்சி செய்ய ஆசை. இதுக்குக் காரணம் எங்க அம்மா தபீதாள் வாங்கிக் குடுத்த முதல் மீன்."

தபீதாள் ஹெப்சியின் அம்மா. சூர்யாவின் அம்மா பெயர் தையல்நாயகி. பயத்தில் அவன் பெற்ற தாயையே மாற்றிவிட்டான் என்பதை யோசிக்கக்கூட ஹெப்சிக்கு நேரமில்லை.

"அடுத்து, ஹெப்சி தேவானந்தம்" என்று கூப்பிட்டார் துறை ஆசிரியை ரமா மேடம்.

மேடைக்குப் போகிற பதினைந்து அடி தூரத்தில் அவளுக்கு ஒரு தலைப்பும் தோன்றவில்லை. முழங்கையில் ஒரு கொசு கடித்தது. அது ஒன்றுதான் அப்போது உலகத்தில் அவளுக்கு உதவிக்கு வந்த ஜீவன்.

மைக்கைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து அவள் மைக்கைப் பிடித்தது சர்ச்சில், ஆண்டவர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல மட்டும்தான். வாய் அந்தத் தடத்திலேயே ஓடியது.

"கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம்!"

பின் வரிசையிலிருந்து பழக்கதோஷத்தில் இரண்டு பேர் "ஆமென்" என்றார்கள்.

"போன நிமிஷம் வரைக்கும் நான் மீன்களை நம்பியிருந்தேன். இப்போ... இப்போ கொசுக்கள்கிட்ட வந்திருக்கேன்."

கூடம் சிரித்தது. அனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை.

"கொசுவை நீ பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன் சார்."

"எல்லாரும்தான் பார்த்திருக்காங்க. நீ என்ன செஞ்சிருக்கே?"

அடிச்சிருக்கேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாங்க் கோச்சிங் விண்ணப்பம் கண் முன்னால் வந்து நின்றது.

"வளர்க்கிறேன் சார்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கே?"

"வீட்ல சார். மொட்டை மாடியில. வாளியில."

"வீடு எங்கே?"

"ராஜகீழ்ப்பாக்கம்."

"வேளச்சேரி போற வழிதான். இது முடிஞ்சதும் நேர்ல வந்து பார்த்துடறேன். ரமா மேடம், நீங்களும் வாங்க."

ஹெப்சி கூடத்திலிருந்து ஓடி, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, ஒரு மணி நேரத்துல ஒரு வாளி கொசுப்புழு வேணும்."

"என்னடி, ஒரு வாளி தண்ணி பிடிச்சு வைன்னு சொல்ற மாதிரி சொல்றே?"

விஷயத்தைச் சொன்னதும் தபீதாள் அலறினாள். "இயேசப்பா! உங்கப்பா இந்த வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி தேங்க விட்டிருக்காரா? பூந்தொட்டிக்கு அடியில இருந்த தட்டைக்கூடத் தூக்கிப் போட்டுட்டாரேடி!"

"மாடியில?"

"டாங்க்குக்குப் பின்னாடி நலச் சங்கத்து பிளீச்சிங் பவுடர் இருக்கு, ஒருத்தரும் போகக் கூடாதுன்னு உங்கப்பா ஆர்டர். பிளீச்சிங் பவுடர்ல புழு வளருமா?"

"அப்போ தெருவுல யார் வீட்லயாவது கேளும்மா. ப்ளீஸ்மா!"

இங்கேதான் காரியம் கெட்டது. தேவானந்தம்தான் அந்த நகரின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர். கொசு ஒழிப்பே அவருடைய ஒரே கொள்கை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் ஒரு டார்ச்சும் தோள்பையுமாகக் கிளம்பி வீடு வீடாகத் தொட்டிகளில் எட்டிப் பார்ப்பார். புழு கிடைத்தால் ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, மனை எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வாரம் தவறாமல் மாட்டுவது மனை எண் பதினாலு, ரத்தினபாய். செயலாளர் தேர்தலில் அவரிடம் நாலே ஓட்டில் தோற்றவர். அடுத்த மாதம் மறுபடி தேர்தல்.

அப்படிப்பட்டவருடைய மனைவி சனிக்கிழமை மதியம் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உங்க வீட்ல கொசுப்புழு இருக்கா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

"சத்தியமா இல்லக்கா!" என்று முதல் வீட்டில் கதவு சாத்தப்பட்டது. உடனே உள்ளே சளக் சளக்கென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். 'செயலாளர் வீட்டம்மா ரெய்டு வருகிறார், உஷார்' என்று குழுவில் செய்தி பறந்தது. கால் மணி நேரத்தில் டிரம், தொட்டி, உடைந்த பக்கெட், பழைய டயர் எல்லாம் கவிழ்ந்து, மழையே பெய்யாத அந்தத் தெருவில் தண்ணீர் ஆறாக ஓடியது.

பதினாலாம் எண் வாசலில் ரத்தினபாய் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இன்னா தபீதா, ஞாயித்துக்கெழம புருசன், சனிக்கெழம பொண்டாட்டியா? காலைலயே தொட்டியத் தேய்ச்சுக் கவுத்து வச்சுகினுதான் கீறேன். வந்து பாரு! உன் வூட்டுக்காரு வரட்டும், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம வுடமாட்டேன்."

பேராசிரியரின் காரில் பின் இருக்கையில் ரமா மேடத்துக்குப் பக்கத்தில் ஹெப்சி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் ஒரு அரை மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று ஜெபம் செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த சிக்னல் பச்சையாக இருந்தது.

போன் அடித்தது. "ஒரு புழுகூட இல்லடி" என்றாள் அம்மா, அழுகிற குரலில். "குரூப் மெசேஜைப் பார்த்துட்டு அப்பா வேற ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டார். பயங்கர கோவம். நான் என்னடி செய்வேன்?"

"யாரும்மா?" என்றார் பேராசிரியர்.

"அம்மா சார். கொசுக்களெல்லாம் நல்லா இருக்காங்களாம் சார்."

வீடு வந்தது. பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டை மாடிப் படிகளில் பையனைப் போல ஏறினார். மாடி பெருக்கித் துடைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. கொடியில் அப்பாவின் இரண்டு பனியன்கள் மட்டும் தொங்கின.

"வாளி எங்கேம்மா?"

இனி முடியாது, சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். "சார், என்னை மன்னிச்சுடுங்க. நான் உண்மையில..."

"டாங்க்குக்குப் பின்னாடியா? நிழல் இருக்கிற இடம். சரியாத்தான் வச்சிருப்பே."

"ஐயோ சார், அங்கே பிளீச்சிங் பவுடர்! அப்பா திட்டுவார்!"

அவர் போயே விட்டார். ஹெப்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அடடா!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு நீல வாளி. அதன் வாயில் கொசுவலைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருந்தன. பக்கத்தில் ஒரு கரண்டி, மூடிய ஊறுகாய் பாட்டில் ஒன்று, பிஸ்கட் பொட்டலம்.

"பிஸ்கட் தூள் போட்டு வளர்த்திருக்கே! எங்க பிஎச்.டி. பசங்களுக்கே இந்தப் பொறுமை கிடையாதும்மா" என்று சொல்லி அனந்தகிருஷ்ணன் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக, வாய்விட்டு. "நீதான் செலெக்டட். ரமா மேடம், எழுதிக்குங்க."

"ஸ்தோத்திரம் இயேசப்பா!" பின்னாலேயே ஏறி வந்திருந்த தபீதாள் மாடியிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். ஒரு வாளி கேட்டதற்கு ஒரு வாளியே இறங்கியிருக்கிறது. ஹெப்சிக்கும் அற்புதம் என்றுதான் தோன்றியது.

படியில் தடதடவென்று சத்தம்.

"டாங்க் பக்கம் எவன்டா போனது? போகக் கூடாதுன்னு எத்தனை தடவை..." என்று கத்திக்கொண்டே வந்த தேவானந்தம், பேராசிரியரையும் வாளியையும் பார்த்து அப்படியே நின்றார். முகம் வெளிறிவிட்டது. அப்பா பயந்து ஹெப்சி பார்த்ததேயில்லை. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வாங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் பேராசிரியர். "எல்லாம் உங்க பொண்ணு வளர்த்ததாம். பெருமைப்படணும் நீங்க."

தேவானந்தம் மகளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் மெல்ல. "எல்லாம் பொண்ணுதான் சார். நான் இந்தப் பக்கமே வர்றதில்ல."

"இவளை மேல படிக்க வைக்கணும்."

"கண்டிப்பா சார். பாங்க் கோச்சிங்லாம் வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

பேராசிரியர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெயிலில் காட்டினார். அதற்குள்ளும் புழுக்கள் நெளிந்தன. மேலே ஒட்டியிருந்த சீட்டை உரக்கப் படித்தார். "மனை எண் பதினாலு. தேதி..." அவர் நெற்றி சுருங்கியது. "ஏம்மா ஹெப்சி, இது நாளைய தேதியாச்சே? நாளைக்கு எடுக்கப் போற சாம்பிளுக்கு இன்னிக்கே சீட்டு ஒட்டிட்டியா?"

ஹெப்சி எட்டிப் பார்த்தாள். பாங்க் கோச்சிங் விண்ணப்பத்தை நிரப்பியிருந்த அதே கையெழுத்து.

சண்டைக்கென்று தேவானந்தத்தின் பின்னாலேயே வந்து கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ரத்தினபாய், பாட்டிலைப் பார்த்தார்.

"பதினாலு என் வூட்டு நம்பர் சார். அதான், நான் எவ்ளோ தேய்ச்சுக் கழுவினாலும் ஞாயித்துக்கெழம ஆனா என் தொட்டில மட்டும் புழு வந்துகினே கீது!"